நிறுத்து என்றால் நிரப்பிய மொழி

கம்ப்யூட்டரில் ‘நிறுத்து’ என்று அடித்தேன். அது நிறுத்தவில்லை.

எனக்குப் பத்தடி தள்ளி என் வீட்டுக்காரர் அந்தோணி நின்றிருந்தார். ஆசிட் நிரப்பும் வரிசையில் ஒரு பேட்டரிப் பெட்டி சாய்ந்துவிட்டது. அதை நிமிர்த்தி வைக்கக் குழாய்க்கு அடியில் வலது கையை விட வேண்டும். விடுவதற்கு முன்னால் என் பக்கம் திரும்பி, “நிறுத்திட்டியா பிலோ?” என்று கேட்டார். “நிறுத்திட்டேன்” என்று சொல்லிக்கொண்டே ரிட்டர்ன் பொத்தானை அழுத்தினேன். நான் சொன்னால் அவருக்கு அதற்கு மேல் கேள்வி கிடையாது. கையை விட்டார்.

வால்வு ‘டக்’கென்று திறந்தது.

ஆசிட் அவர் முழங்கைக்குக் கீழே விழுந்து, வழிந்து, ரப்பர் கையுறைக்குள் இறங்கியது. கையை இழுத்தார். கையுறையின் விளிம்பு பெட்டியோரத்துக் கம்பியில் மாட்டிக்கொண்டது.

அவர் கத்தவில்லை. “பிலோ” என்றார். பக்கத்து அறையில் இருக்கிறவளைக் கூப்பிடுகிற மாதிரி சாதாரணமாகத்தான் கூப்பிட்டார். நான் மறுபடியும் ‘நிறுத்து’ அடித்தேன். திரையில் ஓர் எழுத்துகூட வரவில்லை. மறுபடியும் அடித்தேன். ஆசிட் கொட்டிக்கொண்டே இருந்தது.

இந்தத் தொடரைப் படிக்கிற சிலர், “ஒரு வாரமாவது சிரிக்கிற மாதிரி எழுதுங்களேன்” என்று கேட்கிறார்கள். எழுதுகிறேன், இந்த வாரம் மட்டும் விட்டுவிடுங்கள். நாற்பது வருஷமாகப் போகிறது, இதை நான் யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை.

சல்லடைச் சட்டைகள்

எண்பதுகளின் நடுவில் எங்களுக்குச் சிங்கப்பூரில், புக்கிட் பாஞ்சாங்கில் புது வீடு கிடைத்திருந்தது. அந்தோணிக்குத் துவாஸில் ஒரு சின்ன பேட்டரித் தொழிற்சாலையில் வேலை. அந்தப் பக்கம் அப்போது பாதி ரோடு மண்ணாகத்தான் கிடந்தது. பஸ்ஸை விட்டு இறங்கினால் செருப்பெல்லாம் சிவப்பாகிவிடும்.

அவருடைய வேலை என்ன தெரியுமா? ஜக்கில் ஆசிட்டை மொண்டு கார் பேட்டரிக்குள் ஊற்றுவது. காலையிலிருந்து மாலை வரை அதேதான். காலையில் முழுசாகப் போட்டுக்கொண்டு போகிற சட்டை, துவைத்து மூங்கில் கழியில் காயப்போட்டால் சல்லடையாகிவிடும். ஆசிட் சொட்டு பட்ட இடம் தண்ணீர் பட்டதும் பொடிந்து போகும். சட்டைக்கே இந்தக் கதியென்றால் நெஞ்சுக்குள் என்ன நடக்கும்? இருமல் வேறு.

“வேற வேலை பாருங்க” என்பேன்.

“பார்ப்போம் லா” என்பார். ஏழு வருஷமாக இதே பார்ப்போம் லா.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் இருக்கும். எங்கள் மாதா கோயில் பாட்டுக்குழுவில் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். ஆனால் அந்தோணியிடம் கோபப்பட்டு ஒரு பிரயோஜனமும் இல்லை. கத்தி முடிக்கிற வரைக்கும் பொறுமையாக இருந்துவிட்டு, “டீ போடவா?” என்று கேட்கிற மனிதர். அதனால் நான் வேறு வழியைப் பார்த்தேன். அந்த ஜக்கை அவர் கையிலிருந்து பிடுங்க வேண்டும். ஊற்றுகிற வேலையை ஒரு மெஷின் செய்ய வேண்டும். அவர் தள்ளி நிற்க வேண்டும்.

நான் ஷென்டன் வேயில் ஒரு கப்பல் ஏஜென்சியில் வேலை பார்த்தேன். எழுபதுகளில் அட்டையில் ஓட்டை போடுகிற பஞ்ச் ஆப்பரேட்டர். அட்டை போய்த் திரை வந்தபோது திரைக்கு முன்னால் உட்கார வைத்தார்கள். கம்ப்யூட்டர் என்றால் பயமில்லை, அவ்வளவுதான் என் படிப்பு.

மிளகாய் நெடிக்கு மேலே

மெஷினுக்குக் கட்டளை சொல்ல ஒரு கம்ப்யூட்டர் மொழி இருந்தது. சிங்கப்பூர் முழுக்கத் தேடினாலும் அந்த மொழி தெரிந்தவர்களை ஒரு மினிபஸ்ஸில் ஏற்றிவிடலாம். அதில் நாங்கள் மூன்று பேர், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த பிறகு பஃபலோ ரோட்டில் ஒரு மசாலா அரவை மில்லுக்கு மேலே கூடுவோம். கீழே மிளகாய் அரைத்தால் மேலே தும்மல். தும்மிக்கொண்டே வேலை நடக்கும்.

அறை சிவபாலனுடையது. துறைமுகத்தில் கிளார்க். அவருடைய அப்பா மலாயா ரயில்வே வேலைக்காக யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். சிவபாலன் பிறந்தது இங்கேதான், ஆனாலும் வாயில் அந்தத் தமிழ்தான். எதையும் சுத்தமாகச் செய்ய வேண்டும், எதையும் வீணாக்கக் கூடாது. இரண்டு தீக்குச்சி சேர்ந்து எரிந்தால்கூட மனிதருக்குப் பொறுக்காது.

இன்னொருவர் ஆ ஹாக். சுங்கை ரோடு பக்கம் டிவி ரிப்பேர் செய்கிற சீனர். தமிழர்கள் நிறைந்த தேக்காவில் வளர்ந்ததால் உடைந்த தமிழ் பேசுவார். கம்ப்யூட்டரிலிருந்து வயரை இழுத்து வால்வைத் திறக்க வைக்கிற வித்தை அவருடையது. என்னை அக்கா என்பார்.

மொழியின் பெயர் ஃபோர்த். முதலில் தொலைநோக்கிகளைத் திருப்புவதற்காகப் பயன்பட்டதாம். சிவபாலன் எங்கிருந்தோ அதன் புரோகிராமை ஒரு கட்டு போட்டோ காப்பியாக வாங்கி வந்து, மாதக்கணக்கில் அடித்து ஏற்றினார். டிவியோடு சேர்த்து மாட்டுகிற சின்ன வீட்டுக் கம்ப்யூட்டர். சேமித்து வைப்பது கேசட்டில். நான் கொடுத்தது பாட்டுக்குழு ஒத்திகைக் கேசட். கிறீச்சென்று புரோகிராம் ஏறி முடிந்ததும், டேப்பை நிறுத்த மறந்தால் எங்கள் உச்சஸ்தாயி சோப்ரானோக்கள் தொண்டையைத் திறந்துவிடுவார்கள். ஆ ஹாக் ஒவ்வொரு முறையும் திடுக்கிடுவார்.

ஏன் இந்த மொழி? மற்ற மொழிகளில் மூன்றையும் நாலையும் கூட்ட வேண்டுமென்றால் கூட்டல் குறியை நடுவில் போடுவார்கள். இதில் முதலில் மூன்று, அடுத்து நாலு, கடைசியில்தான் கூட்டு. “மூணையும் நாலையும் கூட்டு” என்று நாம் வாயால் சொல்கிற அதே வரிசை. இங்கிலீஷ் பேசுகிறவர்களுக்குத் தலைகீழாகத் தெரிகிற மொழி எங்களுக்கு நிமிர்ந்து நின்றது.

அதைவிடப் பெரிய ஆசை ஒன்று காட்டியது. நமக்கு வேண்டிய கட்டளைச் சொல்லை நாமே உண்டாக்கிக்கொள்ளலாம். ‘திற’ என்று ஒரு சொல்லை உண்டாக்கினால் அன்றிலிருந்து அதற்கு ‘திற’ தெரியும். தமிழ் எழுத்து கிடையாது, இங்கிலீஷ் எழுத்தில்தான் அடிக்க வேண்டும். இருந்தாலும் சொல் நம்முடையது. நாம் ஒன்று அடிக்க, செய்து முடித்துவிட்டு அது பக்கத்திலேயே ‘ok’ என்று பதில் போடும்.

முதல் நாள் ‘திற’ என்று அடித்ததும் வாளிக்குள் தண்ணீர் விழுந்ததே, அப்போது எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. ஆபீஸில் பத்து வருஷமாகக் கம்ப்யூட்டர் சொன்னதை நான் செய்திருக்கிறேன். நான் சொன்னதை ஒன்று செய்தது அன்றுதான்.

ஒரு உடன்படிக்கை

சண்டை எழுத்துக்கூட்டலில் வந்தது.

நான் ‘நிறுத்து’வை NIRUTHU என்று எழுதினேன். சிவபாலனுக்கு முகம் சுருங்கிவிட்டது.

“பிலோமினா, இது பிழை. ‘த்’ ஒண்டு, ‘து’ ஒண்டு, ரெண்டு இருக்குதெல்லோ? TH-ஐ ரெண்டு தரம் போடவேணும். நீங்கள் எழுதினதை ‘நிறுது’ எண்டுதான் வாசிக்கேலும்.”

“நாங்கல்லாம் இப்படித்தான் எழுதுவோம்.”

“எழுதுறது எண்டதுக்காகச் சரியாகிடுமோ?”

“சிவபாலன், இது அவசரத்துல நிறுத்துறதுக்கு இருக்கிற வார்த்தை. நீங்க சொல்ற மாதிரி அவ்வளவு நீளமா அடிச்சு முடிக்கறதுக்குள்ள ஆளு செத்துடுவான்!”

ஆ ஹாக் நடுவில் புகுந்தார். “எதுக்கு சண்டை? எஸ் ஒண்ணு போதும் லா. ஸ்டாப்.”

அந்த ஒரு விஷயத்தில் மட்டும் சிவபாலனும் நானும் ஒன்றானோம். அதெப்படி, தமிழில்தான் இருக்க வேண்டும் என்று இரண்டு பேரும் அவர் மேல் பாய்ந்தோம். பாவம், வாயை மூடிக்கொண்டார்.

கடைசியில் என் தொண்டைதான் ஜெயித்தது. NIRUTHU என்றே வைத்தோம். வாளியும் தண்ணீரும் வைத்துப் பலமுறை சோதித்தோம். அடித்தால் அப்படியே நின்றது. ஆனால் சிவபாலன் இரண்டு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். பிறகு தன் பங்கைக் கேட்டார். ஆசிட் ஊற்றுகிற சொல்லுக்கு நான் ‘ஊற்று’ என்று வைத்திருந்தேன். அது வேண்டாமாம்.

“கிணத்துக்குள்ள சுரக்கிறதும் ஊற்றுத்தான். பேட்டரிக்குச் சொல்லவேண்டிய சொல் ‘நிரப்பு’. அதையாவது ஒழுங்காக வைப்பம்.”

சரி, அந்தச் சொல் அவருடையதாகவே இருக்கட்டும் என்று விட்டேன். ‘ஊற்று’வை எடுத்துவிட்டு NIRAPPU என்று போட்டார். எத்தனை நொடி திறந்திருக்க வேண்டும் என்று முன்னால் ஓர் எண், பின்னால் ‘நிரப்பு’. நிரப்பிப் பார்த்தோம், அழகாக நிரப்பியது. தானாகவே மூடிக்கொண்டது. சிவபாலன் சிரித்தார். அடுத்த வாரம் துவாஸுக்குக் கொண்டு போனோம்.

துவாஸ்

வரிசையின் மேற்பார்வை மிஸஸ் வோங்குடையது. முதலாளியிடம் பேசி ஒரே ஒரு குழாய்க்கு மட்டும் சோதனை அனுமதி வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். ஜக் வேலையில் அவருக்கும் மணிக்கட்டில் பழைய தழும்புகள் இருந்தன.

காலையிலிருந்து பெட்டிகள் ஒவ்வொன்றாக வந்தன, நிரம்பின, நகர்ந்தன. அந்தோணி ஜக்கைத் தொடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்து இரண்டு தடவை கண்ணடித்தார். நாற்பது வயது மனிதர், தொழிற்சாலைக்குள்! எனக்கு வெட்கமும் சந்தோஷமும் தாங்கவில்லை.

ஒவ்வொரு பெட்டியும் நிரம்பியதும் வால்வு தானாக மூடியதால் யாரும் கையால் எதையும் நிறுத்த வேண்டி வரவில்லை. சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால்தான் அந்தப் பெட்டி சாய்ந்தது.

பிறகு நடந்ததை மேலே எழுதிவிட்டேன்.

மிஸஸ் வோங் “ஐயோ!” என்று ஓடி வந்து சுவரிலிருந்த மெயின் சுவிட்சை இறக்கினார். கரண்ட் போனதும் வால்வு மூடிக்கொண்டது. அந்தோணியை இழுத்துக்கொண்டு குழாயடிக்கு ஓடினோம். தண்ணீரைத் திறந்துவிட்டுக் கையுறையைக் கத்தரிக்கோலால் கிழித்தார் மிஸஸ் வோங். நான் அந்தோணியின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கையுறை பிரிந்தபோது உள்ளே பார்க்கக் கூடாது என்று கண்ணை மூடினேன். மூடியும் பார்த்துவிட்டேன்.

“உன் தப்பு இல்ல பிலோ” என்றார் அந்தோணி. பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது. “நீ நிறுத்துன்னுதானே அடிச்சே? நான் பார்த்தேன்.”

கை

ஆஸ்பத்திரியில் டாக்டர் நிறைய இங்கிலீஷ் பேசினார். எனக்குப் புரிந்தது ஒன்றுதான். மணிக்கட்டில் ஆழமாகப் போய்விட்டது, விரல்கள் பழையபடி மடங்குமா என்று இப்போது சொல்ல முடியாது, தோல் வளர்ந்த பிறகுதான் தெரியும்.

வலது கை. அந்தக் கையால்தான் சோறு சாப்பிட வேண்டும், அந்தக் கையால்தான் சிலுவை போட வேண்டும். அந்தக் கையில்லாமல் எந்தத் தொழிற்சாலை அவரை வைத்துக்கொள்ளும்?

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஜெபமாலையை எடுத்தேன். ஒரு மணிகூட நகரவில்லை. மாதாவிடம்கூடக் கோபமாகத்தான் பேசினேன். ஜக்கில் ஊற்றிக்கொண்டிருந்தபோது ஏழு வருஷம் ஒன்றும் ஆகாத கை. நான் காப்பாற்றுகிறேன் என்று போனதால் ஆனது.

தூங்குகிற மனிதரின் கட்டுப்போட்ட விரல் நுனிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அசைகிறதா, அசைகிறதா என்று. அசையவில்லை.

தொழிற்சாலையிலிருந்து சொல்லி அனுப்பினார்கள், எங்கள் சாமான்களை எடுத்துக்கொண்டு போய்விட வேண்டுமாம். ஆ ஹாக் வேன் கொண்டுபோய் எல்லாவற்றையும் பஃபலோ ரோட்டில் இறக்கினார்.

எது ஸ்டாப்?

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பூசைக்குப் போகவில்லை. நேரே பஃபலோ ரோடு போனேன். அந்தக் கம்ப்யூட்டரை மாடியிலிருந்து தூக்கிப் போட்டுவிட்டு வருவதுதான் எண்ணம். உண்மையாகத்தான் சொல்கிறேன்.

சிவபாலன் வாளி, வால்வு எல்லாவற்றையும் பழையபடி மாட்டி வைத்திருந்தார். கண்கள் சிவந்திருந்தன, அவரும் தூங்கவில்லை போலிருக்கிறது. அதற்காக இரக்கப்படுகிற நிலையில் நான் இல்லை.

“அந்தோணிக்கு எப்படி?”

“விரல் மடங்கல. போதுமா?”

“பிலோமினா, நான் முழுக்கப் பார்த்திட்டன். புரோகிராமிலை பிழை இல்லை. ஆ ஹாக்கின்ரை வயரிலைதான் ஏதோ—”

ஆ ஹாக்குக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. “என் வயர் நல்ல வயர்! நான் நாலு தடவை பார்த்தேன்!”

“அப்ப யாரு?” என்று கத்தினேன். கீழே மில் ஆட்கள் நிமிர்ந்து பார்த்திருப்பார்கள். “நான் நிறுத்துன்னு அடிச்சேன். என் புருஷன் கண்ணால பார்த்தாரு. வயரும் தப்பில்ல, புரோகிராமும் தப்பில்லன்னா அவரு கையில கொட்டினது யாரு, பேயா?”

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். NIRUTHU என்று அடித்தேன். வாளிக்குள் தண்ணீர் கொட்டியது. நிற்கவே இல்லை. வாளி நிரம்பித் தரையில் வழிந்து சிவபாலன் காலடிக்குப் போனது. ஆ ஹாக் போய் பிளக்கைப் பிடுங்கினார்.

“அக்கா, கோவிச்சுக்காதே” என்றார், தயங்கித் தயங்கி. “எது ஸ்டாப், எது ஃபில்? எனக்கு எப்பவும் குழம்புது லா. ரெண்டும் நிர், நிர். ரெண்டும் ஒரே நீளம்.”

சிவபாலன் மெதுவாக ஸ்டூலில் உட்கார்ந்தார்.

எழுதிக் காட்டுகிறேன், நீங்களே பாருங்கள். NIRUTHU. NIRAPPU.

எங்களிடமிருந்த ஃபோர்த், இடத்தை மிச்சம் பிடிப்பதற்காக, ஒரு சொல்லின் முதல் மூன்று எழுத்தையும் மொத்தம் எத்தனை எழுத்து என்பதையும் மட்டும்தான் ஞாபகம் வைத்துக்கொள்ளும். நடுவில் இருப்பதெல்லாம் அதற்குத் தெரியாது. இரண்டுக்கும் முதல் மூன்று எழுத்து ஒன்று. இரண்டுக்கும் ஏழு எழுத்து. அதைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே ஆள். கோயில் வாசலில் நின்று “மேரி” என்று கூப்பிட்டால் பத்துப் பேர் திரும்புவார்களே, இந்த மொழியில் கடைசியாக வந்து சேர்ந்த மேரி மட்டும் திரும்புவாள். கடைசியாக வந்தது ‘நிரப்பு’.

அதனால் நான் ‘நிறுத்து’ என்றதும் அது நிரப்பப் போனது. எத்தனை நொடி என்று நான் எண் எதுவும் சொல்லவில்லை. கைக்கு அகப்பட்ட ஏதோ ஒரு குப்பை எண்ணை எடுத்துக்கொண்டு, அது முடிகிற வரைக்கும் காதைப் பொத்திக்கொண்டு கொட்டியது. நான் திரும்பத் திரும்ப அடித்தது எதுவும் அதற்குக் கேட்கவில்லை.

‘ஊற்று’ என்றே விட்டிருந்தால் இது நடந்திருக்காது. சிவபாலன் சொன்னபடி TH-ஐ இரண்டு தரம் போட்டிருந்தாலும் நடந்திருக்காது, எழுத்தின் எண்ணிக்கை மாறியிருக்கும். ஆளுக்கு ஒன்று ஜெயித்தோமே, அந்தச் சமாதானம்தான் அவர் கையில் கொட்டியது.

“ஒரே மாதிரிச் சொல் வந்தால் அது எச்சரிக்கும்” என்றார் சிவபாலன். “ஏற்கெனவே இருக்கு எண்டு ஒரு வரி போடும். இடத்தை அடைக்குதெண்டு நான்தான் அந்தப் பகுதியை வெட்டிப் போட்டன்.”

திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். அவர் அழுதுகொண்டிருந்தார். திறந்த வாயை மூடிக்கொண்டு, துணியை எடுத்துத் தரையைத் துடைத்தேன். மன்னித்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். தரை ஈரமாக இருந்தது, அதனால் துடைத்தேன்.

நோயாளி வைத்த பெயர்

அன்று மாலையே சிவபாலன் ஆஸ்பத்திரிக்கு வந்தார். கட்டிலின் கால்பக்கத்தில் நின்றுகொண்டு, பள்ளிக்கூடப் பையன் மாதிரி, நடந்ததை முழுக்கச் சொன்னார். அந்தோணி குறுக்கே பேசாமல் கேட்டார்.

“ஆகமொத்தம் உங்க பாஷையில நிறுத்துன்னா நிரப்பு” என்றார் கடைசியில். “நல்ல பாஷை சார்.”

சிவபாலனுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. “சிரிக்கிற விஷயமா இது?” என்று இரண்டு பேரையும் ஒரே மூச்சில் பிடித்தேன். நர்ஸ் வந்து என்னைத்தான் வெளியே போகச் சொன்னாள்.

கட்டு அவிழ்க்கிற நாளெல்லாம் நானும் கூடப் போவேன். தோல் இளஞ்சிவப்பாக வளர்ந்தது. விரல்கள் முதலில் மரக்கட்டையாக இருந்தன. சுடுதண்ணீரில் நனைத்த துணியைப் பிசையச் சொன்னார்கள். நான் எதிரே உட்கார்ந்து முறைத்துக்கொண்டே இருப்பேன். “நீ முறைச்சா அது பயந்து மடங்கிடும்” என்பார். ஒரு காலையில் சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்க்கிறேன், என்னைக் கூப்பிடாமல் தானே சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருக்கிறார். அடுப்பை அணைத்துவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

வெளியே வந்தால், மனிதர் சொல்கிறார்: “மிஸஸ் வோங் ஃபோன் பண்ணாங்க. முதலாளிகிட்ட மறுபடியும் பேசிட்டாங்களாம். அந்த மெஷினைச் சரி பண்ணிக் கொண்டு வரச் சொல்றாங்க.”

“யாரு வருவா? நான் வரமாட்டேன்.”

“அப்ப ஜக்கைத்தான் பிடிக்கணும். இந்தக் கையால.”

அந்தக் கையைப் பார்த்தேன்.

“ஒண்ணு மட்டும் மாத்துங்க” என்றார். “கையில சுடும்போது எவன் நிறுத்துன்னு சொல்லுவான்? எனக்கு அன்னைக்கு உன் பேரு வந்துச்சு. மிஸஸ் வோங்குக்கு ‘ஐயோ’ன்னு வந்துச்சு. அதை வைங்க. இந்த ஊர்ல சீனனும் அதான் சொல்றான், நாமளும் அதான் சொல்றோம்.”

சிவபாலனிடம் சொன்னேன். எப்படி எழுதலாம் என்று ஒரு வார்த்தை அவர் பேசவில்லை. AIYO என்று அடித்துவிட்டு, அதே மூன்று எழுத்தில் தொடங்குகிற நாலெழுத்துச் சொல் வேறு இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். வெட்டிப் போட்ட எச்சரிக்கையைத் திரும்ப ஒட்டினார். ஆ ஹாக் மேசைமேலேயே கரண்டை வெட்டுகிற சிவப்பு சுவிட்ச் ஒன்றை வைத்தார். ‘நிறுத்து’ என்ற சொல்லை மொத்தமாக அழித்தோம்.

மறுபடியும்

முதலில் தண்ணீரை வைத்து எல்லாச் சொல்லையும் சோதித்தோம். பிறகு ஆசிட். முதலாளியே வந்து நின்றார். பெட்டிகள் ஓடின.

கடைசிச் சோதனை என்ன என்று எல்லோருக்கும் தெரியும். ஓடிக்கொண்டிருக்கிற வரிசையை நிறுத்திவிட்டு ஒருவர் குழாய்க்கு அடியில் கையை விட்டுப் பெட்டியை நிமிர்த்த வேண்டும்.

மிஸஸ் வோங் வேறொரு ஆளைக் கூப்பிட்டார். அந்தோணி அவரைத் தடுத்தார். புதுக் கையுறையை மாட்டிக்கொண்டார், வலது கையில்.

“நீங்க வேணாம்” என்றேன்.

“நான்தான் லா. வேற யாரை விடச் சொல்றே?”

“அப்ப அடிக்கிறது நான் இல்ல. மிஸஸ் வோங் அடிக்கட்டும். ஐயோ எல்லாருக்கும் தெரியும்.”

“நீ அடிச்சாத்தான் கையை விடுவேன்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அவருக்கு இதில் வேறு வழியே கிடையாது என்கிற மாதிரி சொன்னார்.

உட்கார்ந்தேன். விரல் நுனியெல்லாம் வியர்த்து வழுக்கியது. AIYO என்று அடித்தேன். வரிசை நின்றது. பக்கத்தில் ‘ok’ என்று வந்தது. அவர் கையைத் தூக்கினார்.

“இருங்க!” என்று கத்தினேன். மறுபடியும் அடித்தேன். AIYO, ok. மறுபடியும். AIYO, ok. எத்தனை தடவை அடித்தேனோ தெரியாது. திரை முழுக்க ஐயோ, ஐயோ, ஐயோ. முதலாளி மிஸஸ் வோங்கைப் பார்த்தார். சிவபாலன் தலையைக் குனிந்துகொண்டார். சிவப்பு சுவிட்ச் மேல் ஆ ஹாக்கின் கை இருந்தது.

“பிலோ” என்றார் அந்தோணி. “போதும். நின்னுடுச்சு.”

அவர் குழாயைப் பார்க்கவில்லை. பெட்டியையும் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே கையை உள்ளே விட்டார்.

பெட்டியை நிமிர்த்தினார். சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று தட்டிப் பார்த்தார். அவசரமே படவில்லை. எனக்குத்தான் உயிர் போய் உயிர் வந்தது. பிறகு கையை வெளியே எடுத்துக் கையுறையைக் கழற்றி, இரண்டு பக்கமும் திருப்பிக் காட்டினார். ஒரு சொட்டு இல்லை.

நான் எழுந்து போய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“எல்லாரும் பாக்குறாங்க பிலோ” என்றார்.

“பாக்கட்டும்” என்றேன். விடவில்லை.